கேட்டுப் பெறுதல்: வலைச் செயலியில் சார்புகளும் அவற்றின் ஆயுளும்

ஒரு நூலகத்துக்காக வலைச் செயலி ஒன்றை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வாசகர் ஒருவர் இரவல் வாங்கிச் சென்ற நூலைத் திருப்பிக் கொடுக்கும்போது, தவணை கடந்துவிட்டதா என்று பார்த்து, கடந்திருந்தால் தாமதக் கட்டணத்தைக் கணக்கிட்டு, நூல் திரும்பிவந்த செய்தியைத் தரவுத்தளத்தில் பதிந்து, வாசகருக்கு மின்னஞ்சல் வழியே ஒரு ரசீதும் அனுப்பும் பொறுப்பை 'இரவல் சேவை' என்னும் ஒரு கிளாஸிடம் ஒப்படைத்திருக்கிறோம். இத்தொழிலில் புதிதாகப் பிரவேசித்த ஒருவர் அதை எப்படி எழுதுவார்? நூலைத் திரும்பப் பெறும் மெதடுக்கு உள்ளேயே தரவுத்தள இணைப்பு ஒன்றை 'நியூ' என்று சொல்லிப் படைப்பார். அதே இடத்தில் அஞ்சல் அனுப்பும் பொருள் ஒன்றையும் படைத்து, அஞ்சல் சர்வரின் பெயரையும் கடவுச்சொல்லையும் அதனிடம் கொடுப்பார். இன்றைய தேதி வேண்டியபோது கணினியின் கடிகாரத்தை நேரே கேட்டுக்கொள்வார். நிரல் ஓடும், நூல் திரும்பும், ரசீதும் போய்ச் சேரும். தொடக்கத்தில் எந்தக் குறையும் தென்படாது.

குறை தென்படுவது, அந்தக் கிளாஸைப் பரீட்சை செய்து பார்க்க ஒருவர் முற்படும்போதுதான். பதினைந்து நாள் தாமதத்துக்குக் கட்டணம் சரியாக வருகிறதா என்ற சிறியதொரு கேள்விக்கு விடை காண்பதற்கு, ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளம் ஒன்று வேண்டும். பரீட்சை நடக்கும் நாளிலிருந்து பதினைந்து நாள் பின்னோக்கிக் கணக்கிட்டு, தவணை தவறிய பதிவு ஒன்றை அதில் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதிவைக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு, பரீட்சை ஓடும் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவருடைய முகவரிக்கு உண்மையான அஞ்சல் போய்ச் சேரும். ஒரு கழித்தல் கணக்கைச் சரிபார்க்க இத்தனை பரிவாரம் தேவைப்படுகிறதென்றால், பெரும்பாலானவர்கள் அந்தப் பரீட்சையையே எழுதாமல் விட்டுவிடுவார்கள், விட்டும் விடுகிறார்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கிளாஸ் வேறு எதையுமே நாடாத ஒன்றாகத் தோன்றுகிறது. அதன் கன்ஸ்ட்ரக்டர் வெறுமையாக இருப்பதால், எங்கு வேண்டுமானாலும் அதைப் படைத்து உபயோகிக்கலாம் என்றே எவரும் நினைப்பார்கள். உள்ளே சென்று வரிவரியாகப் படித்த பிறகே, ஒரு தரவுத்தளமும் ஓர் அஞ்சல் சர்வரும் ஒரு கடிகாரமும் இல்லாமல் அதனால் ஓரடியும் எடுத்துவைக்க முடியாது என்பது தெரியவரும். ஒரு பொருளின் தேவைகள் யாவும் அதன் வாசலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன் என்று வழங்கும் முறையின் தாத்பரியம். கன்டெய்னர், பதிவு, அட்ரிபியூட் முதலிய மற்றவை யாவும் அந்த ஒரு கருத்துக்குத் துணை செய்ய வந்த கருவிகளே. கருவிகளிலிருந்து தொடங்கிப் படிப்பவர்கள் இந்த முறையை ஆண்டுக்கணக்கில் கையாண்டும் அது எதற்காக ஏற்பட்டது என்பதை உணராமலே இருந்துவிடக்கூடும் என்பதால், இந்த அத்தியாயத்தில் கருத்தை முதலிலும் கருவியை அதற்குப் பின்னும் வைத்திருக்கிறேன்.

ஆகவே இரவல் சேவையைத் திருத்தி எழுதுவோம். அது எதையும் தானாகப் படைத்துக்கொள்ளாது. தன் கன்ஸ்ட்ரக்டரில் மூன்று பொருள்களை வேண்டும் என்று கேட்கும்: இரவல் பதிவுகளைப் படிக்கவும் எழுதவும் தெரிந்த களஞ்சியம் ஒன்று, கடிதத்தைக் கொடுத்தால் அனுப்பிவைக்கும் அஞ்சல்காரர் ஒன்று, இப்போது நேரம் என்ன என்று கேட்டால் சொல்லும் கடிகாரம் ஒன்று. முதல் இரண்டையும் இன்டர்ஃபேஸ்களாக வரையறுக்கிறோம்; அதாவது, என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லி, யார் செய்வது, எப்படிச் செய்வது என்பவற்றைச் சொல்லாமல் விடுகிறோம். கல்யாண வீட்டுக்கு வரும் தலைமைச் சமையல்காரர் சாமான் பட்டியலை எழுதிக் கொடுப்பாரே ஒழிய, தாமே மளிகைக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் புறப்பட்டுப் போவதில்லை. பட்டியலில் கண்டவை வந்து சேர்ந்த பின்பே அடுப்பை மூட்டுகிறார். கன்ஸ்ட்ரக்டர் என்பது ஒரு கிளாஸ் தன் வேலைக்காக எழுதிக் கொடுக்கும் அப்படிப்பட்ட பட்டியல் என்று கொண்டால், இந்த முறையைப் பற்றி அறிய வேண்டியதில் பாதி விளங்கிவிட்டது என்று சொல்லலாம்.

இந்தச் சிந்தனைக்கு ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. ரால்ஃப் ஜான்சனும் பிரையன் ஃபூட்டும் 1988இல் எழுதிய கட்டுரை ஒன்றிலேயே, நம்முடைய நிரல் ஃபிரேம்வொர்க்கை அழைப்பது போய், ஃபிரேம்வொர்க் நம்முடைய நிரலை அழைக்கும் தலைகீழ் நிலை விவரிக்கப்பட்டிருக்கிறது. மேல்தளத்துக் கொள்கைகள் கீழ்தளத்து விவரங்களைச் சார்ந்து நிற்கலாகாது, இரண்டும் பொதுவான ஒரு வரையறையையே சார வேண்டும் என்பதை 1996இல் ராபர்ட் மார்ட்டின் ஒரு கோட்பாடாக வகுத்தார். பிற்பாடு ஜாவா உலகில் ஸ்பிரிங், பிகோகன்டெய்னர் முதலிய கருவிகள் தலையெடுத்த காலத்தில், மார்ட்டின் ஃபௌலர் 2004 ஜனவரியில் வெளியிட்ட கட்டுரையின் மூலமாக இன்றைய பெயர் நிலைபெற்றது. கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுத்தல், செட்டர் வழியாகக் கொடுத்தல், இதற்கென்றே வகுத்த இன்டர்ஃபேஸ் வழியாகக் கொடுத்தல் என்று மூன்று வழிகளை அவர் அதில் பிரித்துக் காட்டினார். மூன்றாவது இன்று வழக்கொழிந்துவிட்டது. இரண்டாவது, இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் என்று சொல்லத்தக்க சார்புகளுக்கு மட்டும் பொருந்தும். மற்றெல்லாவற்றுக்கும் கன்ஸ்ட்ரக்டரையே கொள்ள வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில், கன்ஸ்ட்ரக்டர் வழியே எல்லாவற்றையும் பெற்றுக்கொண்ட பொருள் பிறக்கும்போதே பூரணமாகப் பிறக்கிறது, அரைகுறையாக ஒரு கணமும் இருப்பதில்லை. ஸ்பிரிங்கில் ஃபீல்டுகளின் தலையில் 'ஆட்டோவயர்டு' என்று எழுதிவிடும் வழக்கம் எழுதுவதற்குச் சுலபமானது என்பது உண்மைதான். ஆனால் அது தேவைகளைத் திரும்பவும் உள்ளறைக்குள் கொண்டுபோய் மறைத்துவிடுகிறது, கன்டெய்னர் இல்லாமல் அந்தப் பொருளைப் படைப்பதையும் கடினமாக்குகிறது.

கன்டெய்னர் இல்லாமல் என்று சொன்னேன் அல்லவா? அதைச் சற்று வற்புறுத்திச் சொல்ல வேண்டும். இந்த முறைக்குக் கன்டெய்னர் அவசியமே அல்ல. நிரல் தொடங்கும் இடத்தில் களஞ்சியத்தைப் படைத்து, அஞ்சல்காரரைப் படைத்து, அவ்விரண்டையும் கடிகாரத்தையும் கொடுத்து இரவல் சேவையைப் படைக்கும் மூன்று வரிகளைக் கையாலேயே எழுதலாம்; சிறிய செயலிகளுக்கு அதுவே தெளிவான வழியும் ஆகும். 'நியூ' என்ற சொல் நிரலெங்கும் சிதறிக் கிடக்காமல் அந்த ஓரிடத்தில் வந்து கூடுவதுதான் விசேஷம். அந்த இடத்துக்கு மார்க் சீமன் என்னும் ஆசிரியர் 'கம்போசிஷன் ரூட்' என்று பெயரிட்டார்.

வலைச் செயலியிலோ நிலைமை சற்று வேறுபடுகிறது. அங்கே கன்ட்ரோலரைப் படைப்பவர் நாமல்ல. பிரௌசரிலிருந்து ஒரு ரிக்வெஸ்ட் வந்ததும், அதன் முகவரியைப் பார்த்து, எந்தக் கன்ட்ரோலருக்கு உரியது என்று நிர்ணயித்து, அதைப் படைத்து, அதன் மெதடை அழைப்பது ஃபிரேம்வொர்க்கின் காரியம். நம்முடைய கன்ட்ரோலர் இரவல் சேவையைக் கேட்கிறது என்றால், அதைக் கொண்டுவந்து கொடுக்கும் வித்தை ஃபிரேம்வொர்க்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் கன்டெய்னர் உதவுகிறது. 2016இல் வெளிவந்த ஏஎஸ்பி.நெட் கோர் அதைத் தன் அடித்தளத்திலேயே வைத்துக் கட்டப்பட்டிருப்பதால், இனி வரும் உதாரணங்களை அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

கன்டெய்னர் செய்யும் வேலையில் மாயம் எதுவும் இல்லை. செயலி தொடங்கும்போது, 'இன்ன இன்டர்ஃபேஸைக் கேட்டால் இன்ன கிளாஸைக் கொடு' என்ற பதிவுகளை அதனிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிவைக்கிறோம். பிறகு யாரேனும் இரவல் சேவையைக் கேட்டால், அது அந்தக் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரைப் படித்துப் பார்க்கிறது; அங்கே மூன்று தேவைகளைக் காண்கிறது; ஒவ்வொரு தேவைக்கும் உரிய கிளாஸைத் தன் பதிவில் தேடி, அதன் கன்ஸ்ட்ரக்டரையும் அவ்வாறே படிக்கிறது; இப்படியே கீழே இறங்கிச் சென்று, எதையும் கேட்காத பொருள்களை அடைந்தபின், அடியிலிருந்து மேலாக ஒவ்வொன்றையும் படைத்துக்கொண்டு வருகிறது. ஒரே இன்டர்ஃபேஸுக்கு இரண்டு பதிவுகள் செய்திருந்தால், ஒன்றைக் கேட்பவருக்குக் கடைசியாகப் பதிந்ததே கிடைக்கும். தொகுப்பாகக் கேட்பவருக்கு எல்லாமே கிடைக்கும். முதல் கிளாஸ் இரண்டாவதைக் கேட்டு, இரண்டாவது திரும்பவும் முதலாவதையே கேட்குமானால் கன்டெய்னர் பிழை என்று சொல்லி நின்றுவிடும். அப்படி நிற்பது நமக்கு உபகாரமே. இத்தகைய சுழற்சியை வெகு காலம் பொறுத்துக்கொண்டிருந்த ஸ்பிரிங் பூட்டும், 2021இல் வந்த 2.6ஆம் பதிப்பு முதல் அதை இயல்பாகவே மறுத்துவிடுகிறது.

பொருள்களின் ஆயுள்

இதுவரை சொன்னது ஓர் அரைநாளில் கற்றுக்கொள்ளக்கூடியது. வலைச் செயலியில் உண்மையான சிரமம், எதை யார் கொடுப்பது என்பதில் இல்லை. கொடுத்த பொருள் எவ்வளவு காலம் வாழ்வது என்பதில்தான் இருக்கிறது. மேசைக் கணினியில் ஓடும் நிரல் பெரும்பாலும் ஒருவருக்காக ஓடுகிறது. வலைச் செயலியோ ஒரே பிராசஸுக்குள் ஒரே கணத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரு பொருளை அவர்கள் எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாமா, ஒவ்வொருவருக்கும் பிரத்தியேகமாக ஒன்று வேண்டுமா என்ற கேள்வி ஆகவே ஒவ்வொரு பதிவிலும் எழுகிறது. பதில் தவறினால், நேரும் விபரீதம் உடனே தெரியாமல், கூட்டம் மிகுந்த ஒரு நாளில் தெரியவரும்.

ஏஎஸ்பி.நெட் கோர் மூன்று ஆயுள்களை வைத்திருக்கிறது. 'சிங்கிள்டன்' என்று பதிந்த பொருள் ஒரு முறை படைக்கப்பட்டு, செயலி நிறுத்தப்படும் வரையில் எல்லோருக்கும் பொதுவாக வாழ்கிறது. 'ஸ்கோப்டு' என்று பதிந்தது ஒரு ரிக்வெஸ்டுக்கு ஒன்றாகப் படைக்கப்பட்டு, அந்த ரிக்வெஸ்டுக்குள் யார் கேட்டாலும் அதுவே கொடுக்கப்பட்டு, பதில் அனுப்பியானதும் கன்டெய்னராலேயே முடித்துவைக்கப்படுகிறது. 'டிரான்சியன்ட்' என்பது கேட்கும் தோறும் புதிது. வேறு ஃபிரேம்வொர்க்கில் பழகியவர்கள் இங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்: ஸ்பிரிங்கில் ஒன்றும் சொல்லாவிட்டால் சிங்கிள்டன், லாராவெலில் சாதாரணமாகப் பிணைத்தால் கேட்கும் தோறும் புதிது, ஃபாஸ்ட்ஏபிஐயில் ஒரே ரிக்வெஸ்டுக்குள் ஒரு சார்பு இயல்பாக ஒரே முறைதான் கணிக்கப்படுகிறது.

நம்முடைய நூலகத்தில் இவற்றைப் பகிர்ந்தளிப்போம். கடிகாரம் யாருடைய விவரத்தையும் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. ஆகவே அது சிங்கிள்டன். என்டிட்டி ஃபிரேம்வொர்க்கின் டிபி கான்டெக்ஸ்ட் ஸ்கோப்டு. நாம் சொல்லாவிட்டாலும் அது அப்படியே பதியப்படுகிறது. இதன் காரணத்தை அறிந்துகொள்வது நலம். டிபி கான்டெக்ஸ்ட் தான் படித்துவந்த ஒவ்வொரு பதிவையும் நினைவில் வைத்திருந்து, எது மாறியது என்று கண்காணித்து, சேமிக்கச் சொன்னதும் மாற்றங்களை ஒன்றாகத் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது. அதாவது, ஒரு காரியம் தொடங்கி முடியும் வரையில் அதனுடன் வாழ்வதற்காகவே அது அமைந்திருக்கிறது; இரண்டு த்ரெட்டுகள் ஒரே சமயத்தில் கை வைப்பதை அது தாங்காது. அதை உபயோகிக்கும் களஞ்சியமும், களஞ்சியத்தை உபயோகிக்கும் இரவல் சேவையும் ஸ்கோப்டாக இருப்பதே கிரமம்.

இப்போது, ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு மாறுதல் செய்கிறார் என்று கொள்வோம். நூல் பட்டியலை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திலிருந்து படிப்பானேன் என்று கருதி, 'பட்டியல் நினைவகம்' என்ற ஒரு கிளாஸை எழுதி, எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அதைச் சிங்கிள்டனாகப் பதிகிறார். அதன் கன்ஸ்ட்ரக்டரில் டிபி கான்டெக்ஸ்டைக் கேட்கிறார். சிங்கிள்டன் ஒரே முறைதான் படைக்கப்படுகிறது. ஆகவே அதற்குக் கொடுக்கப்பட்ட கான்டெக்ஸ்டும் அதன் கையிலேயே தங்கிவிடுகிறது. ஒரு ரிக்வெஸ்டோடு முடிந்திருக்க வேண்டிய பொருள், செயலியின் ஆயுள் முழுவதும் விடுதலையின்றிக் கிடக்கிறது. மார்க் சீமன் இதைச் சிறைப்பட்ட சார்பு என்று வருணித்தது மிகவும் பொருத்தம்.

அதன் விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கான்டெக்ஸ்ட் ஏற்கெனவே ஒரு நூலின் பதிவை நினைவில் வைத்திருந்தால், மறுபடி வினவும்போது தரவுத்தளம் புதிய மதிப்பைக் கொண்டுவந்தாலும் தன்னிடமுள்ள பழைய பிரதியையே திருப்பிக் கொடுக்கும். காலையில் திருத்திய நூற்பெயர் மாலை வரையில் பழைய பெயராகவே காட்சியளிக்கும். படித்த பதிவுகள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டே இருப்பதால் நினைவகம் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டு போகும். இரண்டு வாசகர்கள் ஒரே கணத்தில் தேடினால், முந்தைய வேலை முடிவதற்குள் இரண்டாவது வேலை தொடங்கப்பட்டது என்ற பிழை எழும்; அந்தப் பிழை தனியாக உட்கார்ந்து சோதிக்கும் நிரலருடைய கணினியில் ஒருபோதும் எழாது. காரணத்தைத் தேடுபவர்கள் வினவலைப் பார்ப்பார்கள், தரவுத்தளத்தைப் பார்ப்பார்கள். தவறு செயலியின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஒரே ஒரு பதிவு வரியில் இருப்பதை எளிதில் பார்க்கமாட்டார்கள். ஆகவே ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: நீண்ட ஆயுள் உள்ளது குறுகிய ஆயுள் உள்ளதைக் கன்ஸ்ட்ரக்டரில் கேட்கலாகாது.

இந்தத் தவறைக் கண்டுபிடித்துச் சொல்லும் சக்தி கன்டெய்னருக்கே உண்டு. ஆனால் 'வாலிடேட் ஸ்கோப்ஸ்' என்னும் அந்தச் சோதனை, வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், மேம்பாட்டுச் சூழலில் மட்டுமே இயங்குகிறது. உண்மையான வாசகர்கள் வந்துபோகும் சூழலில் அது அணைந்திருக்கும். அதற்குத் துணையாக இருப்பது 'வாலிடேட் ஆன் பில்டு' என்னும் மற்றொரு சோதனை. பதியப்பட்ட ஒவ்வொரு பொருளையும் படைக்க இயலுமா, ஏதேனும் ஒரு தேவைக்குப் பதிவு விட்டுப்போயிருக்கிறதா என்பதை அது செயலி எழும்போதே பார்த்துவிடும். இரண்டையும் எல்லாச் சூழலிலும் ஏற்றிவைப்பதையே நான் சிபாரிசு செய்வேன். ஒரு ரிக்வெஸ்ட் பாதி வழியில் விழுவதைவிட, செயலி எழாமலே நின்றுவிடுவது மேல். இரண்டு எச்சரிக்கைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோலர்கள் இயல்பாகக் கன்டெய்னரில் பதியப்படுவதில்லையாதலால், அவற்றையும் சேவைகளாகப் பதியச் சொன்னாலன்றி, இரண்டாவது சோதனை அவற்றின் தேவைகளைப் பார்க்காது. சிங்கிள்டனுக்குள் சிறைப்பட்ட டிரான்சியன்டையும் இந்தச் சோதனைகள் பிடிப்பதில்லை. அதற்கு நம்முடைய கண்தான் காவல்.

அப்படியானால் சிங்கிள்டன் ஒன்றுக்கு உண்மையாகவே தரவுத்தளம் வேண்டியிருந்தால் என்ன செய்வது? அத்தகைய சந்தர்ப்பங்கள் நியாயமாகவே எழுகின்றன. நாளைத் தவணை முடியும் நூல்களுக்கு இரவுதோறும் நினைவூட்டல் அனுப்பும் பின்னணிப் பணி ஒன்று நம் நூலகத்துக்கு வேண்டும், ஏஎஸ்பி.நெட் கோரில் பின்னணிப் பணிகள் சிங்கிள்டன்களாகவே வாழ்கின்றன. அங்கே ரிக்வெஸ்ட் என்பதே இல்லையாதலால் ஸ்கோப்பும் தானாக உண்டாவதில்லை. அந்தப் பணி தன் கன்ஸ்ட்ரக்டரில் 'ஐசர்வீஸ்ஸ்கோப்ஃபேக்டரி' என்பதைக் கேட்டுப் பெற்று, ஒவ்வோர் இரவும் வேலை தொடங்கும்போது ஒரு ஸ்கோப்பைத் திறந்து, அதிலிருந்து இரவல் சேவையை எடுத்து, வேலை முடிந்ததும் ஸ்கோப்பை மூடிவிட வேண்டும். வாசகர் தொகை பெரிதாயிருந்தால், இரவு முழுவதற்கும் ஒரே ஸ்கோப் என்று வைக்காமல், ஒரு தொகுதி வாசகர்களுக்கு ஒன்றாகத் திறந்து மூடுவது நினைவகத்துக்கு நல்லது. கான்டெக்ஸ்ட் மட்டும் போதுமானால், 2020இல் வந்த என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் 5 முதல் கான்டெக்ஸ்டைப் படைத்துத் தரும் ஃபேக்டரியும் உண்டு.

இதே பொறி மிடில்வேரிலும் ஒளிந்திருக்கிறது. வழக்கமான முறையில் எழுதிய மிடில்வேர் கிளாஸ், ரிக்வெஸ்டுக்கு ஒன்றாகப் படைக்கப்படுவதில்லை, செயலிக்கு ஒன்றாகவே படைக்கப்படுகிறது. ஆகவே ஸ்கோப்டு பொருளை அதன் கன்ஸ்ட்ரக்டரில் கேட்காமல், ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் அழைக்கப்படும் 'இன்வோக்' மெதடின் உள்ளீடாகக் கேட்க வேண்டும்.

சிங்கிள்டனைப் பற்றி இன்னும் ஒன்று. இப்போது உள்நுழைந்திருக்கும் வாசகர் யார் என்ற விவரத்தைச் சிங்கிள்டன் ஒன்றின் ஃபீல்டில் எழுதிவைப்பது மன்னிக்க முடியாத பிழை. முதல் வாசகரின் பெயரை எழுதி முடித்த கணத்தில் இரண்டாமவரின் ரிக்வெஸ்ட் வந்து அதை மாற்றி எழுதிவிடும். முதலாமவர் தம்முடைய திரையில் மற்றவருடைய இரவல் பட்டியலைக் காண்பார். நூலகத்தில் இது தர்மசங்கடம். மருத்துவமனையிலோ வங்கியிலோ பெரும் கேடு. ஒருவருக்கே உரிய விவரம் எதுவானாலும் ஸ்கோப்டாகவே இருக்கட்டும். எல்லோருக்கும் பொதுவானது மட்டும், அதுவும் பல த்ரெட்டுகள் ஒருங்கே தொட்டாலும் கெடாததாயின், சிங்கிள்டன் ஆகட்டும்.

ஆயுளைக் குறைத்தாலும் அபாயம் உண்டு என்பதற்கு எச்டிடிபி கிளையன்ட் நல்ல உதாரணம். வெளியூர் நூலகத்தின் பட்டியலைக் கேட்பதற்காக ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் புதிதாக ஒன்றைப் படைத்து எறிந்தால், மூடிய இணைப்புகள் உடனே விடுபடாமல் சிறிது காலம் தங்குவதால், போக்குவரத்து மிகும்போது சாக்கெட்டுகள் தீர்ந்துபோகும்; ஒன்றையே என்றென்றைக்கும் வைத்திருந்தாலோ, டிஎன்எஸ்ஸில் முகவரி மாறியதை அது அறியாமல் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். 2018இல் ஏஎஸ்பி.நெட் கோரின் 2.1ஆம் பதிப்புடன் வந்த எச்டிடிபி கிளையன்ட் ஃபேக்டரி, வெளிப் பொருளைக் கேட்கும் தோறும் புதிதாகக் கொடுத்து, உள்ளே இணைப்பைத் தாங்கும் ஹேண்ட்லரை மட்டும் இயல்பாக இரண்டு நிமிஷம் வரையில் மறுபடி உபயோகித்து, இரண்டு துன்பங்களிலிருந்தும் நம்மைக் காக்கிறது.

பரீட்சையும் மிகையும்

கடிகாரத்தைப் போய் ஒரு சார்பாகக் கேட்பானேன் என்று சிலர் வியக்கலாம். தவணை, காலாவதி, தள்ளுபடிக் காலம் என்று வலைச் செயலிகளின் விதிகளில் பெரும்பகுதி காலத்தைப் பற்றியவை. ஆகவே எல்லாச் சார்புகளிலும் முதலில் வெளியே எடுக்கத்தக்கது அதுவே என்பது என் கருத்து. 2023இல் வந்த டாட்நெட் 8 இதற்கென்றே 'டைம் புரொவைடர்' என்ற பொது வகை ஒன்றைத் தந்திருக்கிறது. செயலியில் உண்மையான கடிகாரத்தைப் பதிகிறோம். பரீட்சையில் நாம் சொல்லும் தேதியில் நிற்கும் கடிகாரத்தைக் கொடுக்கிறோம். 2024 பிப்ரவரி 20இல் தவணை முடிந்த நூல் மார்ச் 1இல் திரும்பினால் தாமதம் பத்து நாள். 2023இல் அதே தேதிகளுக்கு ஒன்பது நாள். இந்த இரண்டையும் இரண்டு சிறு பரீட்சைகளாக எழுதிவிடலாம். தரவுத்தளத்துக்குப் பதில் நினைவிலேயே பதிவுகளை வைத்திருக்கும் எளிய களஞ்சியம் ஒன்று. அஞ்சலை அனுப்பாமல், அனுப்பச் சொன்ன கடிதங்களைப் பட்டியலிட்டு வைத்துக்கொள்ளும் அஞ்சல்காரர் ஒன்று. இந்தப் பரீட்சையில் கன்டெய்னருக்கு வேலையே இல்லை. மூன்றையும் கையால் கொடுத்து இரவல் சேவையை 'நியூ' செய்தால் போதும். செயலி முழுவதையும் ஒருங்கே பரீட்சிக்கும்போது மட்டும் கன்டெய்னரின் பதிவுகளில் அஞ்சல்காரரை மாற்றிவைத்து ஓட்டுகிறோம்.

இந்த முறையில் ருசி கண்டவர்கள் அதை அளவுக்கு மீறிக் கொண்டுபோவதும் உண்டு. இரண்டு தேதிகளை வாங்கிக்கொண்டு கட்டணத்தைச் சொல்லும் கணக்குக்கு இன்டர்ஃபேஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். அது ஒரு சாதாரண மெதடாகவே இருக்கட்டும். வெளியுலகத்தைத் தொடுபவை, அதாவது தரவுத்தளம், வலை, கோப்பு, காலம், தற்செயல் எண் ஆகியவை எங்கே தலைகாட்டுகின்றனவோ அங்கேதான் சார்பை வெளியே எடுப்பதால் பிரயோஜனம் உண்டு. ஒவ்வொரு கிளாஸுக்கும் இயந்திரம்போல ஓர் இன்டர்ஃபேஸைச் சேர்த்துக்கொண்டே போனால், படிப்பவர் ஒவ்வோர் அழைப்பிலும் உண்மையான நிரல் எங்கே என்று தேடி அலைய நேரிடும்.

மற்றொரு வழுக்கல், கன்ஸ்ட்ரக்டரில் ஒவ்வொன்றாகக் கேட்பதற்குச் சோம்பி, கன்டெய்னரையே வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு வேண்டியபோது வேண்டியதை அதனிடம் எடுத்துக்கொள்வது. 'சர்வீஸ் லொக்கேட்டர்' என்று ஃபௌலர் தம் கட்டுரையில் ஒப்பிட்டுப் பேசிய மாற்று வழி இதுதான். சில ஃபிரேம்வொர்க் உள்வேலைகளில் அது தவிர்க்க முடியாதது, நாம் மேலே கண்ட பின்னணிப் பணியும் ஸ்கோப்பைத் திறந்தபின் அப்படித்தான் எடுக்கிறது. ஆயினும் சாதாரண சேவைகளில் அது புகுந்தால், எதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தோமோ அது மறுபடியும் இருட்டுக்குப் போய்விடும். கன்ஸ்ட்ரக்டரில் எட்டு, ஒன்பது தேவைகள் வரிசையாக நிற்பது பார்ப்பதற்கு உறுத்தலாக இருக்கும், இருக்கட்டும். இரவல், கட்டணம், அஞ்சல், அறிக்கை என்று பல பொறுப்புகளை ஒரே கிளாஸ் சுமக்கிறது என்பதை அந்த உறுத்தல் தெரிவிக்கிறது. பட்டியலை மறைப்பதால் சுமை குறைவதில்லை, கிளாஸைப் பிரித்தால்தான் குறையும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய செயலியை இந்த முறைக்குக் கொண்டுவர விரும்புபவர், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றத் துணிய வேண்டாம். அடிக்கடி மாறும் கிளாஸ் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது தானாகப் படைத்துக்கொள்பவை எவையென்று குறித்து, முதலில் கடிகாரத்தையும் அடுத்து அஞ்சலையும் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொண்டுவரலாம். பழைய வெறுங் கன்ஸ்ட்ரக்டரை உடனே நீக்காமல், அது உண்மையான கடிகாரத்தையும் அஞ்சல்காரரையும் படைத்துப் புதிய கன்ஸ்ட்ரக்டரிடம் கொடுக்கும்படி தற்காலிகமாக விட்டுவைத்தால், அதை அழைக்கும் பழைய இடங்கள் எதுவும் உடையாது. பிறகு புதிய கன்ஸ்ட்ரக்டரைக் கொண்டு பரீட்சைகளை எழுதி, கட்டணக் கணக்கு நடப்பது சரிதானா என்று நிச்சயித்துக்கொண்டு, அழைக்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் கன்டெய்னரிலிருந்து பெறும்படி மாற்றிவர வேண்டும். கன்டெய்னரில் இரண்டு கன்ஸ்ட்ரக்டர் உள்ள கிளாஸைப் பதிந்தால், தன்னால் நிறைவேற்றக்கூடியவற்றுள் அதிகத் தேவைகளைக் கேட்பதையே அது தேர்ந்தெடுக்கும்; அஞ்சல்காரரைப் பதிய மறந்திருந்தால், பிழை ஏதும் சொல்லாமல் பழைய வெறுங் கன்ஸ்ட்ரக்டரையே எடுத்துக்கொண்டுவிடும். ஆகையால் இந்த இடைக்காலத்தை நீடிக்க விடலாகாது. பழையதை அழைப்பவர் எவரும் இல்லை என்று உறுதியான அன்றே அதை அழித்துவிட்டு, அடுத்த கிளாஸுக்குப் போகலாம்.